நாற்பத்தொன்றாம் எண் குதிரை இறந்த விதம்

பஸ்ஸூ இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் காலை அவர் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

சாவு அவருக்குப் புதிதல்ல. வர்ஸஸாத் ஊரைச் சுற்றிக் கிடக்கும் பொட்டலில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் பிடிக்கத் தொடங்கிய இந்த இருபத்திரண்டு வருடத்தில், ரோமானியர் கையில் ஆறு தடவை, எகிப்து மன்னன் கையில் இரண்டு தடவை, பாலைவனத் தாகத்தால் ஒரு தடவை என்று ஒழுங்காக இறந்துகொண்டுதான் இருந்தார். ஆறு வருடமாக இடது காலை இழுத்து நடப்பவர். கால் இழுப்பவன்தான் சண்டையில் முதலில் சாவான் என்பது சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. அதனால் கால் கெட்ட பிறகும் அவருக்கு வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை. இந்த முறை சிலுவைப் போர்ப் படம். சுல்தானின் படைவீரராக முதல் நாளே மார்பில் ஈட்டி வாங்கி, முன்பக்கமாக விழுந்து, கன்னத்தை மண்ணில் வைத்து, கண்ணைத் திறந்தபடி இறந்தார். கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். படக் கம்பெனி கூலிக்கு எடுத்திருந்த தன் குதிரை திஸிரியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

போனில் பேசியவன் அவர் மனைவி இட்டோவின் தம்பி ஹத்தூ. ஆறடி உயரம். உயரமானவர்கள் எல்லோரையும் கம்பெனி சிலுவைப் படையில் சேர்த்திருந்தது. அதனால் அவன் இன்னும் உயிரோடு இருந்தான்.

"மச்சான், திஸிரியை முன்வரிசையில போட்டிருக்காங்க."

"எந்த முன்வரிசை? பின்னாடி சும்மா நிக்கணும்னுதானே சொன்னாங்க."

"நெருப்புக்கு மச்சான். அகழியில எண்ணெய ஊத்தி கொளுத்திட்டு பன்னெண்டு குதிரைய விரட்டி விடப்போறாங்க. மேல ஆள் கிடையாது. வேட்டு வேற போடுவாங்களாம். சூரியன் மேக்குக் கோபுரத்தைத் தொட்டதும் எடுக்கறாங்க. இன்னிக்கே."

பஸ்ஸூ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

திஸிரிக்கு இடது கண் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் திருவிழாக் குதிரையாட்டத்தில், வரிசையாகப் பாய்ந்து வந்து ஒரே நேரத்தில் துப்பாக்கி வெடிக்கும்போது, பக்கத்து ஆளின் துப்பாக்கி கையிலேயே பிளந்தது. அதில் குதிரைக்குக் கண் போனது, பஸ்ஸூவுக்கு இடுப்பெலும்பு போனது. அன்றிலிருந்து வெடிமருந்து வாடை பட்டால் அது கண்மண் தெரியாமல் பாயும், எதிரே சுவரா பள்ளமா என்று பார்க்காது. அவரால் காலைத் தூக்கி ஏற முடியாது. ஆகவே நாக்கால் ஒரு சொடுக்குச் சொடுக்கி முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டினால் தரையில் பக்கவாட்டாகப் படுத்துக்கொள்ளப் பழக்கியிருந்தார். அவர் அதன்மேல் கால் போட்டதும் எழுந்து நிற்கும். இரண்டு நொண்டிகளும் ஒருவரை ஒருவர் அனுசரித்துப் பிழைத்து வந்தார்கள்.

கம்பெனி குதிரை எடுத்த அன்று, பரிசோதிக்க வந்தவர்களிடம் அவர் இந்தக் கண் சமாசாரத்தைச் சொல்லவில்லை. ஞாயிற்றுச் சந்தையில் எந்தக் குதிரைக்காரன் சொல்வான்? குருட்டுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி நல்ல பக்கத்தைக் காட்டுவதுதான் அங்கே வழக்கம். வாங்குகிறவன் அதைத் தெரிந்துகொண்டு குதிரையைத் திருப்பச் சொல்வான். கம்பெனிக்காரர்கள் திருப்பச் சொல்லவில்லை. நல்ல பக்கத்தை மட்டும் பார்த்து இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சுவத்தோட ஒட்டி நிறுத்தினப்பவே சொன்னேன்," என்றாள் இட்டோ. அவர் செருப்பை மாட்டினார். அவள் துணியில் ரொட்டியைக் கட்டிக் கையில் திணித்து, "அதைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நீயும் வராதே," என்றாள்.

காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு எருசலேம் போய்ச் சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. பலகையும் சுண்ணாம்புக் கலவையும் வைத்துக் கட்டிய எருசலேம். போன வருடம் அது ரோம். முன்வாசலில் காவல் நின்றவன் மிமூன், பஸ்ஸூவின் தெருக்காரன்தான்.

"மிமூன், கதவைத் திற. குதிரையைப் பாக்கணும்."

மிமூன் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினான். "மாமா, நீங்க செத்துட்டீங்க."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே செத்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டே வந்து நின்னா நான் என்ன பண்றது? செத்தவங்களை உள்ள விட்டா என் வேலை போயிடும்."

"முந்தாநேத்து எங்க வீட்டுக்கு வந்து டீ குடிச்சியே. அப்போ நான் யாரு?"

"அது ஊரு மாமா. இது எருசலேம்."

அவனைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி முன்பு எடுத்த ஒரு படத்தில், அம்பு பாய்ந்து இறந்த ஒருவர் அடுத்த காட்சியில் அரசருக்குப் பின்னால் நின்று பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாராம். படம் பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் தொடர்ச்சி அலுவலகம். கேமராவிலிருந்து பத்தடிக்குள் யார் இறந்தாலும் அந்த அலுவலகம் அங்கேயே போட்டோ எடுத்து இறந்தவர் பட்டியலில் ஏற்றிவிடும். பிறகு அவர் படம் முடியும்வரை மதிலுக்குள் வரக்கூடாது. இறந்தவர்கள் குறை சொல்ல வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று அந்த அலுவலகத்தை மட்டும் வேலிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள்.

அங்கே மதாம் ஒடில் இருந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி. சுவர் முழுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு இறந்தவர்களின் போட்டோக்கள். பஸ்ஸூவைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுவரில் தேடிக் கண்டுபிடித்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தாள்.

"நூத்தி நாலு. ரொம்ப நல்லா செத்தீங்க," என்றாள். "கண்ணு சிமிட்டலை. இந்தப் படத்துல சிமிட்டாம செத்தவங்க மொத்தமே ஒன்பது பேர்தான்."

"மதாம், என் குதிரைக்கு ஒரு கண்ணு கிடையாது. அதை நெருப்புல விரட்டப் போறாங்க."

"உங்க குதிரை உயிரோட இருக்கா?"

"இப்போதைக்கு இருக்கு."

"அப்படின்னா அது என் துறை இல்லை." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் சொல்றதைக் கேளுங்க. வெளியில ஜனங்க இஷ்டத்துக்கு சாகறாங்க, இஷ்டத்துக்குப் பொழைக்கறாங்க. ஒரு ஒழுங்கு கிடையாது. இங்க மட்டும்தான் சாவுக்கு மரியாதை இருக்கு. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். என் பட்டியலுக்கு வந்தவங்க ஒருத்தர்கூட உயிரோட திரும்பினதில்லை. எத்தனை பெரிய ஆஸ்பத்திரியில இப்படிச் சொல்ல முடியும்?"

பஸ்ஸூ ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ளே போக வழியே கிடையாதா மதாம்?"

"உங்க முகத்துக்குக் கிடையாது," என்றாள் அவள். "முகம் இல்லாம போகலாம். சிலுவைப் படையில இரும்புத் தொப்பி போட்ட வரிசை ஒண்ணு இருக்கு. உள்ள யார் இருக்காங்கன்னு அவங்கவங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆனா நீங்க சுல்தான் ஆளா செத்தவர். கிறிஸ்தவரா பொறக்கணும்னா வரலாற்று உண்மை அலுவலகம் ஒப்புதல் தரணும்." ஒரு தாளில் மறுபிறப்பு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். "இது அந்தக் கூடாரம் வரைக்கும்தான் செல்லும்."

மிமூன் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி விட்டான். "வாழ்த்துக்கள் மாமா," என்றான் உண்மையாகவே.

வரலாற்று உண்மை அலுவலகத்தின் தலைவர் பேராசிரியர் ஃபென்விக். அந்தக் கூடாரத்தில் மட்டும் குளிரூட்டும் எந்திரம் ஓடியது. படத்தில் எது நடந்தாலும் அது உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. திஸிரியின் நெற்றியிலிருந்த வெள்ளைப் பொட்டைக் கறுப்புச் சாயம் பூசி மறைத்தவர் இவர்தான். அந்தக் காலத்துக் குதிரைகளுக்கு வெள்ளைப் பொட்டு கிடையாதாம்.

"நடந்து காட்டுங்க," என்றார்.

பஸ்ஸூ நடந்தார்.

"கால் இழுக்குது. நல்லதுதான், கடல் கடந்து வந்த களைப்பு. இப்போ விழுங்க."

"விழணுமா?"

"நீங்க எப்படிச் சாவீங்கன்னு நான் பாக்கணும்."

பஸ்ஸூ மார்பைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாக விழுந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த விழுதலில் தெரிந்தது. பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"இதுதான் பிரச்சினை. உங்க ஜனங்க முன்பக்கமா விழுவாங்க. எங்க ஜனங்க பின்பக்கமா, ஆகாயத்தைப் பாத்து விழுவாங்க. என் புத்தகத்துல இதுக்காகவே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன். உங்க ஜனங்களோட மனசு மண்ணோட ஒட்டினது. இதை நான் குறையா சொல்லலை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். முப்பது வருஷமா உங்களைப் பத்திப் படிச்சிட்டிருக்கேன். உங்களை நீங்களே புரிஞ்சுக்காத அளவுக்கு நான் புரிஞ்சு வெச்சிருக்கேன்."

"அய்யா இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டார் பஸ்ஸூ, மண்ணைத் தட்டிக்கொண்டே.

"இல்லை. வந்தா பார்வை கெட்டுப்போகும்."

பின்பக்கமாக விழச் சொன்னார். பஸ்ஸூ விழுந்தார். உடைந்து ஒட்டிய இடுப்பு தரையில் மோதியபோது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேராசிரியருக்கு அந்தச் சத்தம் போதவில்லை, பக்தி குறைவாக இருந்தது. இன்னொரு தடவை, கைகளை விரித்து. இன்னொரு தடவை, முகத்தில் ஒரு நிம்மதியோடு. ஏழாவது தடவை விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது அவர் கண்ணில் நீர் வழிந்தது. பேராசிரியர் அதைப் பார்த்து மனம் உருகி ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது நிழல்கள் நீள ஆரம்பித்திருந்தன.

உடுப்புக் கிடங்கில் அவர் தலையில் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்தார்கள். கண்ணுக்கு நேரே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். மார்பில் சிவப்புச் சிலுவை. அந்தக் கோலத்தோடு காலை இழுத்துக்கொண்டு அவர் குதிரைப் பட்டிக்குப் போனார்.

முன்வரிசைக் குதிரைகள் தனியாகக் கட்டப்பட்டிருந்தன. திஸிரியின் கழுத்தில் நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டை தொங்கியது. பக்கத்தில் நாற்பத்திரண்டு, ஒரு கறுப்புக் குதிரை, மூன்று வயது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஸாயித் என்பவனுடையது. அவன் அதற்குப் புதுக் கடிவாளம் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

பஸ்ஸூ தொப்பியைக் கொஞ்சம் தூக்கித் தன் முகத்தைக் காட்டினார். "ஸாயித், உன் குதிரைய பின்னாடி கேளுடா. நெருப்புடா அது."

"மாமா, முன்வரிசை," என்றான் ஸாயித். "கேமராவுல முகம் தெரியும். எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு." ஆனால் சொன்ன பிறகு அகழிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

மிருக நல அதிகாரி அங்கே ஒவ்வொரு குதிரையின் மூக்கிலும் முத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். சிறு வயது, சிவந்த முகம், நல்ல மனுஷன். பஸ்ஸூ அவரைத் திஸிரியின் இடது பக்கத்துக்குக் கூட்டிப்போய் வெளிறிப்போன கண்ணைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். சுவரோடு ஒட்டி நிறுத்தியதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது.

அதிகாரி அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு."

"அது தப்புங்க. நான்தான் ஏமாத்தினேன்."

"நீங்க ஏமாத்தியிருக்கலாம். தாள் ஏமாத்தாது, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்." அவர் குரல் தழுதழுத்தது. "எனக்கு மிருகங்கன்னா உயிர். நான் மாமிசம்கூட சாப்பிடறதில்லை. இந்தப் படத்துல எந்த மிருகத்துக்கும் துன்பம் வராதுன்னு நானே ஒரு அட்டை எழுதி, அதைப் படமும் பிடிச்சாச்சு. படத்தோட கடைசியில வரும். எடுத்து முடிச்சாச்சுங்கறப்போ இனிமே எப்படித் துன்பம் வரும்? சொல்லுங்க."

"அப்போ அதை வீட்டுக்காவது கூட்டிட்டுப் போறேன். கூலியே வேணாம்."

"உயிருள்ள குதிரை படம் முடியறவரைக்கும் வெளியே போகக்கூடாது. செத்ததுதான் போகலாம். அதுக்குன்னு பின்வாசல் ஒண்ணு வெச்சிருக்கோம். தாள் எதுவும் கேக்கமாட்டாங்க, பட்டியல்ல எண் இருந்தா போதும். ஆனா இங்கே எதுவும் சாகறதில்லையே, அதனால இதுவரைக்கும் அதைத் திறந்ததே இல்லை." அவர் திஸிரியின் மூக்கில் முத்தமிட்டுவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போனார்.

பஸ்ஸூ தொப்பியை மறுபடி முகத்துக்கு இறக்கினார். இரும்புக்குள் அவர் மூச்சு அவர் காதிலேயே இரைந்தது. பின்வாசல் வழியாகச் செத்த குதிரை போகலாம். கேமராவிலிருந்து பத்தடிக்குள் செத்தால்தான் சாவு. காலையிலிருந்து உயிரோடு இருக்கும் குதிரையை உயிரோடு காப்பாற்றப் பார்த்ததுதான் தன் தப்பு என்று அவருக்கு அப்போது புரிந்தது.

அதற்குள் ஒலிபெருக்கி கத்தியது. எல்லோரும் இடத்துக்குப் போகவேண்டும்.

இரும்புத் தொப்பி வரிசை அகழிக்கு இப்புறம், மதிலை ஒட்டி நின்றது. ஹத்தூ அவருக்குப் பக்கத்தில் நின்றான். அகழி நிறைய வைக்கோல், வைக்கோல் நிறைய எண்ணெய். வாடை தொப்பிக்குள் புகுந்து கண்ணைக் கரித்தது. அகழிக்கு அப்புறம் எண்பது அடி தூரத்தில் பன்னிரண்டு குதிரைகள், பின்னால் சாட்டைக்காரர்களும் வேட்டுக்காரர்களும். குதிரைகளுக்கு இடதுபுறம் தண்டவாளத்தின்மேல் ஒரு கேமரா. பந்தம் பிடித்த நாலு பேர் பலகைப் பாலத்தருகே கொடி விழுவதற்காகக் காத்து நின்றார்கள். சூரியன் கோபுரத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"ஹத்தூ, நான் அந்தப் பக்கம் போறேன்."

"மச்சான், பைத்தியமா? கொடி விழுந்துட்டா திரும்பி வர முடியாது."

"திரும்பி எதுக்கு வரணும்?"

அவர் நடந்தார். வேகமாக நடக்க முடியாது என்பதால் வேகமாக நடக்கவில்லை. பலகையில் கால் வைத்தபோது பந்தக்காரன் ஒருவன் ஏதோ கேட்டான். பஸ்ஸூ பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு சிலுவை வீரன் போனால் யாரோ போகச் சொல்லித்தான் போவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கம்பெனியில் சொல்லாமல் யாரும் எதுவும் செய்ததில்லை.

திஸிரிக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது ஒலிபெருக்கி, "கேமரா ஓடுது," என்றது. டைரக்டர் மேடையில் எழுந்து நின்றார். கொடிக்காரன் கையை உயர்த்தினான்.

பஸ்ஸூ திஸிரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் இரும்புக்குள் முட்டி வாளிக்குள் பேசுகிற மாதிரி வெளியே வந்தது. அவர் வந்துகொண்டிருந்தது குருட்டுப் பக்கம். திஸிரி வெருண்டு பின்வாங்கியது, பின்னங்கால் காற்றில் வெட்டியது. இன்னொரு தடவை கூப்பிட்டார். அது காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கயிற்றை இழுத்தது. அவரை அதற்குத் தெரியவில்லை. எதிரில் வருவது யாரோ ஒரு எதிரி.

பஸ்ஸூ தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

அடியிலிருந்தது இறந்தவர் முகம். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதாம் ஒடில் எழுந்தாள். அவள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நூத்தி நாலு," என்றாள், பேயைக் கண்டதுபோல.

அவர் நாக்கைச் சொடுக்கினார். திஸிரியின் ஒரு காது திரும்பியது. கிட்டே போய்க் கழுத்தில் கை வைத்து, அது நடுங்குவதைக் கையில் உணர்ந்து, கயிற்றை அவிழ்த்து, கேமராவின் கண்ணாடிக்கு நேரே எட்டடி தூரத்துக்கு இழுத்து வந்தார். முன்னங்காலில் ஒரு தட்டு, இரண்டு தட்டு.

அது படுக்கவில்லை.

கொடி விழுந்தது. அகழி முழுதும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. பின்னால் முதல் வேட்டு வெடித்தது. மருந்து வாடை வந்துவிட்டது, அந்தப் பழைய வாடை. திஸிரியின் உடல் முழுக்க விறைத்தது. அவருக்குத் தெரியும், இன்னும் ஒரு நொடியில் பாய்ந்துவிடும், பாய்ந்தால் நெருப்பிலும் நிற்காது.

அவர் சிலுவை போட்ட மேலுடுப்பை இழுத்து அதன் மூக்கையும் நல்ல கண்ணையும் சேர்த்துப் பொத்தினார். "படுத்துக்கடி கண்ணு," என்றார். "என்னை ஏத்திக்க. வீட்டுக்குப் போலாம். படு." சொடுக்கினார். தட்டினார்.

முழங்கால் மடிந்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு பக்கவாட்டில் மண்ணில் சாய்ந்தது. பஸ்ஸூ அதன் கழுத்தின்மேல் விழுந்து தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முன்பக்கமாகத்தான் விழுந்தார், பேராசிரியர் சொல்லிக்கொடுத்த எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. பதினொரு குதிரைகளும் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடின. ஒரு குளம்பு அவர் தோளை உரசிக்கொண்டு போயிற்று. அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார், சிமிட்டவில்லை.

அகழிப் பக்கம் ஏதோ ஒடிந்த சத்தமும் ஒரு கனைப்பும் கேட்டன. பிறகு ஒலிபெருக்கி, "கட்," என்றது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். டைரக்டர்தான் முதலில் வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "யார் இவரு? யார் இப்படிச் சாகச் சொன்னது? எதிரியோட குதிரைமேல ஒரு சிலுவை வீரன். படமே இதுதான்யா."

"ஆனா முன்பக்கமா விழுந்திருக்கார்," என்றார் யாரோ.

பேராசிரியர் ஃபென்விக் ஒரு நொடிதான் தயங்கினார். "கடைசி மூச்சில மனம் மாறினவர். அப்படிப்பட்டவங்க நிறைய பேர் இருந்திருக்காங்க. அடுத்த பதிப்புல சேர்த்துடறேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

மதாம் ஒடில் மட்டும் உருகவில்லை. கேமராவிலிருந்து பஸ்ஸூ வரைக்கும் தூரத்தை நாடாவால் அளந்தாள். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அவர் கைக்கு அடியில் திஸிரியின் கழுத்து நரம்பு படபடவென்று துடித்தது. அது எழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"இவர் செவ்வாய்க்கிழமையே செத்தவர்," என்றாள் மதாம் ஒடில் கடைசியில். "இப்பவும் செத்துத்தான் கிடக்கிறார். தொடர்ச்சியில தப்பில்லை." அவள் பட்டியலைத் திறந்து அடுத்த வரியில் எழுதினாள். "குதிரை, எண் நாற்பத்தொண்ணு. எட்டடி. இறப்பு." போட்டோ எடுத்தாள்.

மிருக நல அதிகாரி வெளிறிப்போய் நின்றிருந்தார். "செத்துடுச்சா? அட்டையை எடுத்து முடிச்சாச்சே," என்று மெல்லச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் பின்வாசல் வழியா வெளியே அனுப்புங்க. யார் கண்ணுலயும் படவேணாம்," என்றார்.

கூட்டம் டைரக்டரோடு போனதும் பஸ்ஸூ எழுந்தார். திஸிரியும் எழுந்து மண்ணை உதறியது. இருவரும் காலை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறக்கப்பட்ட அந்த வாசலுக்கு மிமூனை மாற்றியிருந்தார்கள்.

"நூத்தி நாலு, செத்தாச்சு. நாப்பத்தொண்ணு, செத்தாச்சு," என்று மிமூன் பட்டியலில் விரலை ஓட்டினான். திஸிரி அவன் தோளில் மூக்கை வைத்து ஊதியது. அவன் அதை மெதுவாகத் தள்ளிவிட்டான். "சரி மாமா, போங்க. அத்தையைக் கேட்டதாச் சொல்லுங்க."

அகழிப் பக்கத்திலிருந்து அந்தக் கனைப்பு மறுபடி கேட்டது. பஸ்ஸூ திரும்பி வேலிக் கம்பி வழியே பார்த்தார். நெருப்பு அணைந்து புகைந்துகொண்டிருந்தது. அகழியின் கோடியில், மண்மேட்டுக்குப் பின்னால் கறுப்புக் குதிரை கிடந்தது. முன்னங்கால் இரண்டாக மடிந்து தொங்கியது. வயிற்றின் ஒருபக்கம் தோலே இல்லை. ஸாயித் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மிருக நல அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"நாற்பத்திரண்டு உயிரோட இருக்குன்னுதான் தாள்ல இருக்கு," என்று அவர் சொல்வது காற்றில் கேட்டது. "கேமராவுக்கு வெளியில விழுந்திருக்கு. பதிவு இல்லை. நாளைக்குக் காலையில வரிசைக்கு வரணும்."

"அய்யா, அதைச் சுட்டுப்போட ஒரு ஆளையாவது அனுப்புங்க," என்றான் ஸாயித்.

"உயிருள்ள குதிரையைச் சுடறதா? நான் இருக்கற இடத்துலயா?"

பஸ்ஸூ வேலியை இரண்டு கையாலும் பிடித்தார். "மிமூன், என்னை உள்ளே விடு."

"மாமா, நீங்க செத்தவர்," என்றான் மிமூன். இந்தத் தடவை அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஸாயித்!" என்று கத்தினார் பஸ்ஸூ. "கேமரா முன்னாடி இழுத்துட்டுப் போடா! பத்தடிக்குள்ள!"

ஸாயித் தலையைத் தூக்கிச் சுற்றும் பார்த்தான். "எந்தக் கேமரா மாமா?"

தண்டவாளத்தைக் கழற்றியாகிவிட்டது. கேமராவைத் துணியில் சுற்றிக் கடைசி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் மங்கும்வரை பஸ்ஸூ அந்த வேலியோரமே நின்றார். கனைப்பு நின்றபாடில்லை. பிறகு அவர் நாக்கைச் சொடுக்கினார், இரண்டு தட்டுத் தட்டினார். திஸிரி படுத்தது. அவர் ஏறிக்கொண்டார். ஊர்ப் பாதையில் திரும்பியபோது, கையில் எச்சில் தொட்டு அதன் நெற்றிச் சாயத்தைத் தேய்த்துக்கொண்டே போனார்.

அன்றைய பட்டியலில், இறந்த குதிரை ஒன்றே ஒன்று என்று எழுதியிருந்தது. அது பார்லி தின்ன வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.